உம், ஓ, அல்ல

வண்ணார்பேட்டை மாடியறையில்
பழைய புரோகிராமைத் திறந்தேன்.
இஃப் உள்ளே இஃப்,
அதற்குள் ஒன்று, அதற்குள்ளும் ஒன்று.
நானூற்றுப் பன்னிரண்டு வரி.
எந்த அடைப்புக்குறி எதை மூடுகிறதென்று
எழுதிய செல்வினுக்கே தெரியாது.
பெங்களூரில் இருக்கிறான்; கேட்டால் சிரிக்கிறான்.

கார் பருவம் பொய்த்த நிவாரணம்
யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை:
அத்தனை வரியும் சொல்லவேண்டியது இவ்வளவுதான்.

உடைத்தேன்.
ஒரு கேள்விக்கு ஒரு ஆப்ஜெக்ட்;
தமிழில் அதற்குப் பொருள் என்று பெயர்,
அர்த்தத்துக்கும் அதே சொல்.
கார்விதைத்தவர். ஓர் ஆளைக் கொடுத்தால்
ஆம் என்னும், இல்லை என்னும், வேறெதுவும் பேசாது.
கடைமடைக்காரர். அதற்கு
முந்தையது இருப்பதே தெரியாது.
பட்டாதாரர்.

சேர்க்கும்போதுதான் கவனித்தேன்:
இங்கிலீஷில் நடுவே ஒரு சொல்லை ஆணியடிப்பார்கள்.
நம் உம் ஒவ்வொன்றின் வாலிலும் தனியாக ஒட்டும்.
விதைத்தவரும் கடைமடைக்காரரும் பட்டாதாரரும்.
சேர்ந்தது இன்னொரு விதி. அதுவும் உம் ஏற்கும்,
ஓ ஏற்கும், அல்ல என்றால் புரண்டு படுக்கும்.
எத்தனை கோத்தாலும் கேள்வி ஒன்றுதான்:
இவர் பொருந்துகிறாரா?

நானூறு வரி ஒரு வரியானது.
கீழே இறங்கிப்போய் ரெண்டு டீ குடித்தேன்.

திங்கட்கிழமை கொக்கிரகுளத்திலிருந்து
சங்கரவடிவு வந்தார், நிவாரணப் பிரிவு.
புரோகிராம் தெரியாது.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என் ஒற்றை வரியை
ரேஷன் கார்டில் பேர் வாசிப்பதுபோல
உரக்க வாசித்தார்.

பட்டாதாரரும் என்ற இடத்தில் நின்றது விரல்.
“இந்த உம்ம யாரு போட்டா?
பாளையங்கால் கடைசியில பாதிப்பேரு குத்தகைல்லா.
பட்டா மெட்ராஸ்ல இருக்கும், நெல்லு இங்கன காயும்.”

பழையதிலும் இதே பிழை இருந்திருக்கிறது,
ஏழு வருஷம், முப்பத்தெட்டாவது அடைப்புக்குறிக்குள்.
உரக்க வாசிக்க அதில் வழியில்லை.

மாற்ற ஒரு நிமிஷம்:
பட்டாதாரரோ குத்தகைதாரரோ.
நாற்பது பேரை ஓட்டிப் பார்த்தேன்.
பச்சை, பச்சை, பச்சை.
மூக்காண்டி, தகப்பனார் சுடலைமுத்து: சிவப்பு.

“குத்தகைச் சீட்டு இல்லை” என்றேன்.
“சீட்டு இல்ல. அதுக்காவ
குத்தகைக்காரர் அல்லன்னு ஆயிருமா?
வாய்ச்சொல்லுல உழுதவரு.”

இல்லை வேறு, அல்ல வேறு.
ஐந்தாம் வகுப்பில் இதற்கு எனக்கு ரெண்டு மார்க் போனது.
இப்போது போவது ஏக்கருக்கு எட்டாயிரம், இன்னொருவருக்கு.

விதிக்கு மூன்றாவதாக ஒரு விடை பழக்கவேண்டும்:
தெரியாது, ஆள் போய்ப் பார்க்கட்டும்.
தெரியாது உம்மோடு சேர்ந்தால் என்ன ஆகும்,
ஓவோடு சேர்ந்தால் என்ன ஆகும்,
தாளில் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
ஆற்றுப்பாலத்தில் திருச்செந்தூர் வண்டி போகிறது.
சங்கரவடிவு போகவில்லை.
அடுத்த வரியை வாசிக்கத் தொடங்கிவிட்டார்.