நூற்றெண்பது பாளம்

ஆறு மணிக்குக் கம்ப்ரசரை நிறுத்துகிறேன்.
ஆறிலிருந்து பத்து வரை
யூனிட்டுக்குக் கால் பங்கு கூடுதல்.
சுவரில் ஒட்டிய சுற்றறிக்கையின் ஒரு மூலையை
உப்பீரம் தின்றுவிட்டது.

கூரைத் தகடுகள் வெயில் கறந்த நேரத்தில்
நூற்றெண்பது பாளம் உறைந்தாயிற்று.
பேட்டரி வாங்க வழியில்லை.
உமியும் சாக்கும் போர்த்தி
இன்றைய மதியம் படுத்திருக்கிறது.

கடலூர் துறைமுகத்தில் அஞ்சாபுலி ஏலம் கூவுவார்,
கூடைக்கொரு விலை.
மின்சாரத்துக்கும் ஏலம் உண்டு என்றேன்.
நாளைக் கால்மணியாய் அரிந்தால்
தொண்ணூற்றாறு துண்டு.
காற்று ஒன்றும் கேட்காது, வெயிலும் கேட்காது,
கடைசியில் வந்து நிற்கும் கரி
கேட்பதுதான் அத்தனை பேருக்கும் விலை.

"அப்ப கெளுத்திக்கும் வஞ்சிரம் ரேட்டா?"
என்றாள் பூரணி, கூடையை இறக்காமலே.

நெய்வேலியிலிருந்து மச்சான் எட்டியப்பன் பேசினான்:
"மத்தியானம் குனியச் சொல்றான்,
சாயங்காலம் எந்திரிச்சு ஓடச் சொல்றான்.
பாய்லருக்கு மூட்டுவலி மாப்ள."
சிரித்தான்.
பிறகு, ஐஸ் கம்பெனியில்
ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டான்.

ஐப்பசியில் மூன்று நாள் வானம் திறக்கவில்லை.
ராத்திரி முழுக்க ஓட்டினேன்.
அந்த மூன்று நாளும் அவன் கரிதான்
இங்கே உறைந்தது.
பாளம் அதே வெள்ளை.
மீனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது ஏழரை. ஊரெல்லாம் விளக்கு.
எட்டியப்பன் ஓடிக்கொண்டிருப்பான்.
இயந்திரம் ஓய்ந்ததில்
சாக்குக்கடியில் சொட்டுவது கேட்கிறது.

விடியலில் படகுக்கு
நூற்றெழுபது தேறும்.