விழாத ஒன்று

எங்கள் ஊர்ப் பெயர் பிறை.
லாடக் காந்தத்தின் வடிவமும் அதுதான்
என்றாள் ஷர்வினா.
அதற்கெல்லாம் புள்ளி கிடையாது என்றேன்.

ஆறாம் ஆண்டு அறிவியல், குழு நான்கு:
மூன்று அங்குல ஆணி,
பழைய மின்விசிறியின் வயிற்றிலிருந்து உருவிய செம்புக்கம்பி,
சுவர்க் கடிகாரத்தின் பேட்டரி.
(வீட்டில் மணி நாலே காலில் நின்றுவிட்டது.)

பத்துச் சுற்று. ஒட்டவில்லை.
முப்பது. ஒட்டவில்லை.
ஷர்வினா பேட்டரியைத் திட்டினாள்,
நான் ஷர்வினாவை.
பிறகுதான் பார்த்தோம், கம்பிக்குத்
தேன் நிறத்தில் ஒரு மேல்சட்டை.
நமக்கு அது வெறும் மினுமினுப்பு,
மின்சாரத்துக்கு மதில்.
இரு நுனியையும் பிளேடால் சுரண்டிச்
செம்பின் சிவப்பு தெரிந்ததும்
ஆணி விழித்துக்கொண்டது.

ஐந்து கிளிப்புகள்.
இன்னும் சுற்றினால் ஒன்பது.
மைலோ டின்னோடு ஆணி
தானே போய் ஒட்டிக்கொண்டது.
குளிர்பானக் கேன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
பேட்டரி விரலைச் சுட்டபோது நம்பினேன்:
ஏதோ ஓடுகிறது.
ஒரு முனையில் புறப்பட்டு மறுமுனையில் வீடு சேர்கிறது.
வழி எங்கேனும் அறுந்தால்
புறப்படுவதே இல்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்
பழைய இரும்புக் கிடங்கில் அம்மா கிரேன் ஓட்டுகிறாள்.
அதன் நுனியிலும் சுற்றிய கம்பிதான்,
எங்கள் குளியலறை அகலத்துக்கு.
பொத்தானை அழுத்தினால்
நசுங்கிய புரோட்டோன் சாகா ஒன்று வானத்துக்குப் போகும்.
எடுத்தால், இடி.
அம்மாவின் வேலை தூக்குவது என்றிருந்தேன்.
விடுவதும்தான்.
குளிர்பெட்டிக் கதவில் இருக்கும்
லங்காவிக் கழுகுக்கு அது வராது.
பிடித்தால் பிடித்ததுதான்.

பயிற்றியில் ஏழாம் கேள்வி:
மின்னோட்டத்தை நிறுத்தினால் என்ன நடக்கும்?
கம்பியை எடுத்தோம்.
எட்டு விழுந்தன.
ஒன்று
ஆடிக்கொண்டே இருந்தது.

ஊதினோம். மேசையைத் தட்டினோம்.
"எல்லாம் விழும்னு எழுது, அதான் விடை."
"விழலையே."
நான் எழுதினேன், அவள் அழித்தாள்.
எழுதினேன், அழித்தாள்.
தாளில் ஓட்டை விழுந்தது,
கிளிப் விழவில்லை.

ஏழு மணிக்கு அம்மா வந்தாள்.
நாலே காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
காலணியோடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.
வலது கைவிரல்கள் இன்னும்
இல்லாத லீவரைப் பிடித்தபடி வளைந்திருந்தன.

ஓட்டைக்குப் பக்கத்தில்,
இருந்த இடத்தில், சின்ன எழுத்தில் எழுதினேன்:
எட்டு விழுந்தன. ஒன்று விழவில்லை.
மின்சாரம் போன பிறகும்
ஆணிக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது.

ஷர்வினா கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள்.
கிளிப்பை ஒருமுறை விரலால் சுண்டிப் பார்த்தாள்.
பிறகு போட்டாள்.