இடித்தவர் காட்டும் ஊர்

ஞாயிறு காலை ஆறே முக்கால்.
செவ்வாய்ப்பேட்டையில் மண்டி முனையில் பதினோரு பேர்.
ஆளுக்கு நூற்றைம்பது, டீ தனி.

ரயில்வேயில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற தேவசகாயத்தை
மருமகன் லியோன் நகரத்தில் கூட்டிப்போனாராம்
இப்படியொரு நடைக்கு.
ஒரு வீட்டு வாசலில் நுழைந்தால்
அடுத்த தெருவில் வெளியே வரலாமாம்.
காதில் மாட்ட ஒரு கருவி தருவார்களாம்.
வழிகாட்டும் பெண் மஞ்சள் குடையைத்
தூக்கிப் பிடித்துக்கொண்டே போவாளாம்.

"இங்கே குடை இல்லீங்களா?"

இருசப்பன் இடுப்பிலிருந்து டேப்பை உருவி
உயரே நீட்டினார்.
அது ஒரு ஆள் உயரம் போய்
மடங்கித் தொங்கியது.

"முதல்லயே சொல்லிடறேன், நான் படிச்சவன் இல்லை.
இடிக்கிற காண்ட்ராக்ட். இருபத்தாறு வருசம்.
இந்தப் பேட்டையில மட்டும் நாப்பத்தொரு வீடு.
கட்டினவன் செத்துட்டான்.
குடியிருந்தவன் மேல் பூச்சைத்தான் பாத்தான்.
உள்ள என்ன இருக்குன்னு ஒடச்சவனைக் கேளுங்க."

கட்டடக்கலை படிக்கும் நௌஷீன்
அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

முதல் நிறுத்தம் ஒரு செல்போன் கடை.
"இங்க முற்றம். கருங்கல் தூண் நாலு.
இப்ப ஏற்காட்டு ரிசார்ட்டு ஒண்ணுல ஊஞ்சல் தாங்குது."

அடுத்தது கார் நிறுத்துமிடம்.
"மேல மெட்ராஸ் டெர்ரஸ்.
செங்கல்லைக் குத்தா அடுக்கி, கடுக்காத் தண்ணியில சுண்ணாம்பு.
மூணு நாள் அடிச்சோம், அசையல.
மிஷினைக் கூப்பிட்டு எனக்கு நஷ்டம்."

பதினோரு பேரும் அண்ணாந்து பார்த்தோம்
இல்லாத கூரையை.
ஒரு காகம் அதன் ஊடே பறந்து போனது.

வெள்ளிப் பட்டறைகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன.
அமில நெடி. கொலுசு மணிகளைக் கொட்டிப்
பிரிக்கிற சத்தம்.

"சுவத்துக்குள்ள புதையல் கிடைச்சிருக்கா அங்கிள்?"

"கத்தரிக்கோல் கிடைச்சிருக்கு.
ஒருதரம் பூச்சுக்கு அடியில ஒரு கை.
அச்சும்மா, பயப்படாதே.
ஈரத்துல யாரோ அழுத்தி வச்சது.
என் கைய வச்சுப் பாத்தேன், அது சின்னது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நாலு நாள் காண்ட்ராக்ட்."

கடைசியாக, நிஜமாகவே நிற்கிற ஒரு வீடு.
பச்சைக் கதவு, பூட்டு, மின்வாரிய எண் 214.
அண்ணனும் நானும் கையெழுத்துப் போட்டு
ஒன்பது நாள் ஆகிறது.
யாரிடமும் சொல்லவில்லை.
நானும் நூற்றைம்பது கொடுத்தவள்தான்.

தர்பூசணி வாங்குகிறவர்போலச் சுவரைத் தட்டினார்.
"பதினெட்டு அங்குலம். விட்டமெல்லாம் பர்மா தேக்கு,
பதினாலு தேறும்.
கதவுக்குப் பின்னால சுவத்துல
ஒரு முழ ஆழத்துக்கு ஓட்டை இருக்கும் பாருங்க.
ராத்திரி தாழ்க்கட்டையக் குறுக்க இழுப்பாங்க,
பகல்ல உள்ள தள்ளிடுவாங்க.
கட்டை போனப்புறம் இருந்தவங்க
எலிப் பொந்துன்னு நினைச்சிருப்பாங்க."

நினைத்தோம்.
ஏழாம் வகுப்பு, அரைப் பரீட்சை,
கணக்கில் பத்தொன்பது.
விடைத்தாளைச் சுருட்டி அதற்குள் விட்டுவிட்டு
டீச்சர் தரவே இல்லை என்றேன்.
அப்பா பள்ளிக்கூடத்துக்கே வந்து சண்டை போட்டார்,
சட்டையை மாற்றாமல், எனக்காக.

தேவசகாயம் கதவைப் படமெடுத்தார்.
கூட்டம் டீக்கடைப் பக்கம் கலைந்தது.
நான் மட்டும் நின்று கேட்டேன்,
இதற்கு எத்தனை நாள் ஆகும் என்று.

"ஆறு."

"சுவருக்குள்ள காகிதம் ஏதாவது கிடைச்சா?"

டேப்பைச் சுருளவிட்டார். அது சர்ரென்று உள்ளே போனது.
"கரையான் விட்டு வச்சிருந்தா எடுத்துத் தரலாம்."
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
பூட்டைப் பார்த்தார்.
"பேர் போட்டிருக்குமா?"

போட்டிருக்கும் என்றேன்.