ஆட்டுத்தலை முள்

அல்புகர்க்கியில் அதற்கு ஆட்டுத்தலை என்று பெயர்.
உலர்ந்த காயைத் திருப்பினால்
இரண்டு கொம்பு, ஒரு மோவாய்.
நமக்குத் தெரிந்த நெருஞ்சிதான்.
எப்படி விழுந்தாலும் ஒரு முள் வானம் பார்க்கும்.

யுலாலியா தஃபோயாவின் கார்ச் சாவியை
நீதிமன்றம் வாங்கி வைத்து ஏழு மாதம்.
குடித்துவிட்டு ஓட்டினாள்; ஓர் அஞ்சல்பெட்டி செத்தது.
வேறு யாரும் சாகவில்லை என்பதைத்
தினமும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வாள்
மிச்சச் சில்லறையை எண்ணுவதுபோல்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் ஐந்து மணிக்குத் திறக்கும்.
முதல் பஸ் ஆறுக்கு.
ஆகவே ஒரு பழைய சைக்கிள்,
அட்டைப்பெட்டியில் வந்த சின்ன எஞ்சின்,
வலப்பக்கம் மிதிக்கிற சங்கிலி, இடப்பக்கம் இழுக்கிற சங்கிலி,
ஆரக்கால்களை ஒன்பது போல்ட்டால் கவ்விய பல்சக்கரம்.
தகரக் குவளையில் மாட்டிய குளவியின் சத்தத்தில்
தூங்கும் ஐஸ்லெட்டா சாலையைக் கடப்பாள்.

பஞ்சர் என்றால் எப்போதும் பின்சக்கரம்.
முன்சக்கரம் கால்மணி வேலை.
பின்சக்கரமோ
இரண்டு சங்கிலியையும் கழற்றக் கேட்கும்.
தலைகீழாய் நிறுத்தவும் முடியாது,
டாங்க் மூடி பெட்ரோலாக அழும்.
வேலிக்கம்பியில் தொங்கவிட்டு
டார்ச்சை அணைத்துவிட்டு
ட்யூபை உதட்டருகே மெல்ல நகர்த்துவாள்.
விரலுக்குத் தெரியாத காற்று உதட்டுக்குத் தெரியும்:
சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கியவரின் மூச்சு.

கிளியோஃபெஸ் பாகாவின் கடையில் ஆளுக்கொரு வேதம்.
தடித்த ட்யூப் போடு.
பச்சைக் கூழை ஊற்று, ஓட்டையைத் தானே அடைக்கும்.
பழைய டயரின் விளிம்பை அறுத்து
டயருக்குள் டயராகப் படுக்க வை.
கிளியோஃபெஸ் மட்டும் காற்றே இல்லாத ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.
"முழு ரப்பர். ஆயுசுக்கும் பஞ்சர் கிடையாது."

வாங்கினாள்.
மாட்ட மூன்று மணி நேரமும் ஒரு கட்டைவிரல் நகமும் ஆயின.
பஞ்சர் ஆகவில்லை, உண்மை.
ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லும்
அவள் கடைவாய்ப்பல்லோடு நேரில் பேசியது.
நான்காம் நாள் ஓர் ஆரக்கால் முறிந்தது. ஆறாம் நாள் மூன்று.
பத்தாம் நாள் அந்தக் கறுப்பு வளையத்தைக்
கடை மேஜைமேல் வைத்தாள்.
"இதுக்குக் காத்தே தேவலை."
"அப்போ முள்ளு?"
"முள்ளு இருக்கும். தெரிஞ்சதுதானே."

கனத்த டயர், தடித்த ட்யூப், அதற்குள் கொஞ்சம் கூழ்,
ஞாயிறுதோறும் காற்று அளவு.
இருபத்தேழு நாள் ஓடியது.

இருபத்தெட்டாம் நாள் விசாரணை.
பாலத்தின் இறக்கத்தில் முள் இல்லை, கண்ணாடி.
உடைந்த கால்புட்டி.
லேபிளில் பாதிதான் மிச்சம்,
முழுப்பெயரும் அவளுக்குத் தெரியும்.
டயரில் விரல் நுழையும் கிழிசல்.
ட்யூபை ஒட்டினாள்; காற்றடித்தால்
கிழிசல் வழியே குமிழாய்ப் பிதுங்கியது.
நடுவில் ஏதாவது வைக்க வேண்டும், கெட்டியாக.

பையில் ஓர் ஆப்பிள், பசை, ஸ்பானர்,
நல்ல கனமான தாளில் முத்திரை குத்திய அழைப்பாணை.
நான்காக மடித்தாள்.
கிழிசலுக்கும் ட்யூபுக்கும் இடையே செருகினாள்.
கைப்பம்பில் நூற்றெண்பது அடி.
எஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது.

கரி படிந்த கைகளை எழுத்தர் பார்த்தார்.
"அழைப்பாணை கொண்டு வந்திருக்கீங்களா?"
"இருக்கு."
"கொடுங்க."
"வெளியே இருக்கு. பின்சக்கரத்துக்குள்ளே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
திரும்ப மாட்டினார்.
"பிறந்த தேதி சொல்லுங்க, தேடிப் பார்க்கிறேன்."

சொன்னாள்.
அவர் தேடிக்கொண்டிருந்தபோது
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.
வெயிலில் நின்றது.
இன்னும் உருண்டையாகத்தான் இருந்தது.