சின்னக் கொக்கி

காற்றுமானி இருபதைத் தாண்டிவிட்டது.
கிரேனை நிறுத்தச் சொல்லி உத்தரவு.
கிடினியா துறைமுகத்துக்கு மேலே
கண்ணாடிக் கூண்டுக்குள்
நானும் என் பிளாஸ்கும்.
பெரிய கொக்கி சும்மா தொங்குகிறது.
பையிலிருந்து சின்னதை எடுத்தேன்.

சிகரெட்டை விட்டுப் பதினோரு வாரம்.
விரல்களுக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.
அதனால் நூல்:
மிளகாய்ப்பழச் சிவப்பு, தார்ப்பாய் நீலம்,
யாரும் வாங்காமல் பாதி விலைக்கு வந்த ஒரு மஞ்சள்.
எண்ணிக்கொண்டே பின்னினால்
இரண்டு எண்களுக்கு நடுவே
வீட்டுக் கடன் வருவதில்லை,
அவனும் வருவதில்லை.

வாக்கி டாக்கியில் ததேயுஷ்:
"போக்னா, இப்போ என்ன நிறம்?"
"மஞ்சள்."
"எச்சரிக்கையா?"
"இல்லைப்பா. வெறும் மஞ்சள்."

நாற்பத்தொன்றில் ஒரு தப்பு.
இழுத்தேன்.
சுருள் சுருளாக வந்து மடியில் விழுந்தது
போன வளைவை மறக்காத நூல்.
மறுபடி ஒன்று.

நான்கு நாள் அடித்தது காற்று.
அதனால்தான் பை இவ்வளவு நீளம்.
சனிக்கிழமைச் சந்தையில்
உருளைக்கிழங்கு விழுந்ததும்
இன்னும் ஒரு சாண் இறங்கி
முழங்காலில் இடிக்கிறது.
ஓட்டை வழியே ஒரு வெங்காயத்தாள்
தெருவை எட்டிப் பார்க்கிறது.

பிளாஸ்டிக் பையை உருவப் போன கடைக்காரி
கையை நிறுத்திக் கேட்டாள்:
"இது எத்தனை கிலோ தாங்கும்?"

என் வேலையில் தினமும் கேட்கிற கேள்விதான்.
அங்கே அதற்கொரு அட்டவணை உண்டு.
"பீட்ரூட் ஒரு கிலோ போடுங்கள்," என்றேன்,
"பார்ப்போம்."