விடு

சமையலறை மேசையைச் சுவரோடு ஒட்டினால்
மிஞ்சுவது ஏழடிக்கு ஐந்தடி.
ஒரு பக்கம் அடுப்பின் அனல்.
மறுபக்கம் ஜன்னல் இடுக்கில்
நாள் முழுக்கச் சீட்டியடிக்கும் காற்று.
புந்தா அரேனாசில் ஜூலை மாதம்
ஆறு மணிக்குள்
கடலும் தெருவும் ஒரே கறுப்பு.

மாவுச் சாக்கு ஒன்றில்
பழைய கம்பளிச் சட்டைகளைத் திணித்துக்
கதவுச் சட்டத்தில் தொங்கவிட்டிருக்கிறேன்.
அதில் ஒன்று ரமிரோவுடையது.
அதற்காகக் குத்தவில்லை.
அது அடியில்தான் கிடக்கிறது.
பெரும்பாலும்.

சர்க்கரை டப்பாவில் சாய்ந்து நிற்கும் கைபேசிக்குள்
கலையாத கொண்டையோடு ஒருத்தி
ஊக்கம் உள்ளிருந்து வர வேண்டும் என்கிறாள்.
எனக்குள்ளிருந்து வருவது
நண்டு ஆலையின் நீராவி வாடையும்
கொட்டாவியும்தான்.

ஆகவே என்னோடு நானே பேரம் பேசினேன்:
குத்த வேண்டாம், உதைக்க வேண்டாம்,
காலணியை மாட்டு, நாடாவைக் கட்டு, போதும்.
கட்டிய பிறகு அவிழ்க்கச் சோம்பல்.
அந்தச் சோம்பலில்தான்
முதல் பத்தொன்பது நாளும் பயின்றேன்.

மணிக்கட்டை எவனாவது பிடித்தால் இழுக்காதே,
அவன் கட்டைவிரல் இருக்கும் பக்கம் திருப்பு.
பிடிக்கு வாசல் அங்கேதான்.
துண்டின் ஒரு முனை கதவுக் கைப்பிடியில்,
மறுமுனை என் கையில்.
கை கற்றுக்கொண்டது.
முழங்கை கற்றுக்கொண்டது.
தொண்டைதான் மக்கு.

அடியோடு கூடவே கத்த வேண்டுமாம்: விடு!
என் வாயில் அது
யாரையோ இடித்துவிட்டுக் கேட்கும்
மன்னிப்பு மாதிரி வந்தது.

மார்ச்சில், பேருந்து நிறுத்தத்தில்,
ஒருவன் இதே மணிக்கட்டைப் பிடித்தான்.
பேருந்து வந்தது. கையை எடுத்தான். அவ்வளவுதான்.
அக்கா சொன்னாள்: ஒண்ணும் நடக்கலையே, விடு.
மேற்பார்வையாளர் சொன்னார்: விடு யஸ்னா, குடிச்சிருப்பான்.
அவனிடம் சொல்லியிருக்க வேண்டிய சொல்லை
எல்லோரும் என்னிடம் சொன்னார்கள்.

கீழ்வீட்டு எதெல்மிராவுக்கு
இரவெல்லாம் ரொட்டி அடுமனையில் வேலை,
மாலையில் தூக்கம்.
என் குதிகால் பலகைத் தரையில் இறங்கும்போதெல்லாம்
துடைப்பக் கட்டையால்
கீழிருந்து இரண்டு தட்டு.
நான் காலுறை போட்டுப் பார்த்தேன்.
கம்பளம் விரித்துப் பார்த்தேன்.
இரண்டு தட்டு.

இருபதாம் நாள் காய்ச்சல்.
பிறகு பனிமழை.
பிறகு காரணமே தேவைப்படவில்லை.
சாக்கின் மேல் ஈரத்துணி காயப்போட்டேன்.
நாட்காட்டியின் கட்டங்களை
லிப்ஸ்டிக்கால் நிரப்புவதை நிறுத்தினேன்.

பதினோரு வெற்றுக் கட்டங்கள் கழித்துக்
கீழிருந்து இரண்டு தட்டு.
நானோ சோபாவில்,
மடியில் சூப்புக் கிண்ணம்,
மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டுக்கொண்டிருந்தேன்.
மறுபடி இரண்டு.

இறங்கிப் போனேன்.
ஒரு கன்னத்தில் தலையணைத் தழும்போடு
கதவைத் திறந்தாள்.
"நீ நிறுத்தினதிலேர்ந்து எனக்குத் தூக்கமில்லை.
மேலே என்ன ஆச்சோன்னு
காதைத் தீட்டிக்கிட்டே படுத்திருக்கேன்."
பதிலுக்குக் காத்திராமல் சாத்திவிட்டாள்.

படியேறி வந்து
காய்ந்த துணிகளை மடித்தேன்.
மடித்த பிறகு
சாக்கு என்னைப் பார்த்தபடி இருந்தது.

அக்டோபரில் காற்று முற்றி,
நகரசபை தெருமுனைகளில் கயிறு கட்டியது,
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள.
வேலை முடிந்து அதைப் பற்றி ஊர்ந்தபோது
எதிரே வந்தது காற்று மட்டும்.
யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில்
கத்தினேன்:
விடு!

எனக்கு முன்னால் கயிற்றைப் பிடித்திருந்த கனவான்
திடுக்கிட்டு ஒரு கையை எடுத்துவிட்டார்.
அவர் தொப்பி ஜலசந்தியை நோக்கிப் பறந்தது.
வருத்தம்தான்.
ஆனாலும் வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தேன்.
என் சொல்லுக்கு ஒரு பிடி
முதன்முறையாகத் தளர்ந்திருக்கிறது.

அன்று மாலை சாக்கின் முன் நின்று
அதே குரலில் கத்தினேன்.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
கீழே சற்று நேரம் எதுவுமில்லை.

பிறகு, இரண்டு தட்டு.

பேசாமலிரு என்கிறாளா,
இன்னொரு தரம் என்கிறாளா,
இன்றுவரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.
நாடா கட்டியே இருந்தது.