ஹமாதியின் லோடு

க்சார் ஹெல்லாலில்
ஜீன்ஸ் ஆலைக் கால்வாய்
திங்கட்கிழமைகளில் கருநீலம்.

ஊர்ச் சாக்கடையின் சேற்றை
லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறார் ஹமாதி.
மூக்கைப் பொத்தியபடி கையெழுத்திடும் காவலாளியிடம்
"உன்னுடையதும் இதில்தான் இருக்கிறது" என்கிறார்.

சோந்தெஸ் அதை வெயிலில் உலர்த்துகிறாள்,
உலையில் கருக்குகிறாள், சலிக்கிறாள்.
நாற்றம் போய்
கொரகொரவென்று கரி.

கண்ணாடிக் குழாயில் கரியை நிரப்பி
மேலே நீலத்தை ஊற்றிவிட்டுக்
காத்திருக்கிறார்கள்.
தேநீர் ஆறுகிறது.

கீழே முதல் சொட்டு:
நிறமே இல்லை.
ஹமாதி குனிந்து முகர்ந்தும் பார்க்கிறார்.

"சரி, அந்த நீலம் எங்கே?"
குழாயைக் காட்டுகிறாள்.
கரி கறுப்பாகவே இருக்கிறது,
விழுங்கியதைச் சொல்லாமல்.

"இது நிறைந்துவிட்டால்
யார் அள்ளுவது?"

அவள் சாக்கின்மேல் தேதி எழுதுகிறாள்.
அவர் வண்டிச் சாவியைத் தேடுகிறார்.